ஒரே சேனல், நாட்டுக்கு ஒரு முகமா? குழந்தைகள் டிவி விளம்பரம் பற்றி ஒரு சண்டை

திருநகர் ராஜி

மதுரைக்காரர்களுக்கும், வெளிநாட்டில் குடியேறிய நம் ஊர் ஆட்களுக்கும் ஒரு கேள்வி.

கார்ட்டூன் நெட்வொர்க், நிக்கலோடியன் இரண்டும் அமெரிக்காவில் பிறந்து நாடு நாடாகப் போன சேனல்கள். பெயர் அதே, சின்னம் அதே, படங்களிலும் நிறைய அதே. நடுவில் வருகிற விளம்பரம் மட்டும் நாட்டுக்கு நாடு மாறிவிடுகிறது. பிரிட்டனில் 2009 பிறந்ததிலிருந்து குழந்தைகள் சேனல்களில் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களுக்கு விளம்பரமே கிடையாது. அரை மணி நேரத்துக்குள் முடிகிற குழந்தைகள் நிகழ்ச்சியை நடுவில் வெட்டி விளம்பரம் போடவும் கூடாது. ஸ்வீடனில் 1991 முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைத்து டிவியில் எதையுமே விற்கக் கூடாது. டிஸ்னி தன் அமெரிக்கக் குழந்தைகள் சேனல்களில் சத்தில்லாத உணவு விளம்பரங்களை 2015-க்குள் நிறுத்திவிடுவதாக 2012-ல் தானாகவே அறிவித்தது.

நம் வீட்டில் பெட்டியைப் போட்டால் என்ன வருகிறது? கிரீம் பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ், குடித்தால் உயரம் கூடும் என்கிற பவுடர், பாக்கெட்டுக்குள் இலவச ஸ்டிக்கர். நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. எந்தப் பாக்கெட்டில் எந்த பொம்மை என்பது எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் தெரிகிறது. அங்கே ஒழுங்காக இருக்கத் தெரிந்த கம்பெனிக்கு இங்கே மட்டும் ஏன் முடியவில்லை? கேட்க ஆளில்லை என்பதுதான் என் பதில். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

கோச்சடை குமரன்

இருக்கிறது மேடம். சென்னையில் விளம்பரக் கம்பெனியில் மீடியா பிளானிங் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அதனால் என்னைத் திட்டிவிட்டே படிக்கலாம்.

பிரிட்டன் கதையில் பாதியைத்தான் சொன்னீர்கள். மீதி இது. தின்பண்ட விளம்பரத்துக்குத் தடை வரப்போகிறது என்று தெரிந்த 2006-லேயே அங்குள்ள தனியார் சேனலான ஐடிவி, குழந்தைகள் நிகழ்ச்சி தயாரிக்கும் தன் சொந்தப் பிரிவை மூடிவிட்டது. அதன் குழந்தைகள் சேனலான சிஐடிவி தேய்ந்து தேய்ந்து 2023-ல் நின்றுபோனது. டிஸ்னி சேனல் அங்கே 2020-லேயே மூடி, காசு கட்டிப் பார்க்கிற ஆப்புக்குள் போய்விட்டது. எல்லாப் பழியையும் தடையின் தலையில் போட மாட்டேன், ஆப்பும் யூடியூபும் சேர்ந்துதான் அடித்தன. ஆனால் முதல் அடி வருமானத்தில்தான் விழுந்தது.

பிபிசியின் குழந்தைகள் சேனலான சிபீபீஸ் விளம்பரமில்லாமல் ஓடுகிறதே என்பீர்கள். அங்கே டிவி பார்க்கிற வீடுகள் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் கட்டுகின்றன, அதில் ஓடுகிறது பிபிசி. இங்கே கேபிள் பில்லில் பத்து ரூபாய் ஏறினால் செல்லூர் முதல் அவனியாபுரம் வரை பஞ்சாயத்து. பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூனுக்கு அந்தப் பிஸ்கட்காரன்தான் பணம் தருகிறான். அவனை வெளியே அனுப்பினால் நிகழ்ச்சிக்கு யார் தருவது?

கேபிள் பாண்டி, செல்லூர்

செல்லூர் பஞ்சாயத்தில் அடி வாங்குகிறவன் நான்தான் குமரன் தம்பி 😀 பில் விஷயம் உண்மை. சந்தா காசில் சேனலுக்கும் ஒரு பங்கு போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பே சேனல் என்றால் ஜனங்கள் காசும் கட்டுகிறார்கள், விளம்பரமும் பார்க்கிறார்கள். ரெண்டு பக்கமும் வசூல்.

திருநகர் ராஜி

குமரன் சார், நான் பிரிட்டன் சட்டத்தை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. இங்கேயே சட்டம் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. சிப்ஸ், கேஸ் அடைத்த பானம் உள்ளிட்ட நொறுக்குத் தீனிகளை, குழந்தைகளுக்கான நிகழ்ச்சியிலோ குழந்தைகளுக்கென்றே உள்ள சேனலிலோ விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. தகுந்த ஆதாரமில்லாமல் அறிவு வளரும், உடல் வலுக்கும் என்று சொல்லவும் கூடாது. அதற்கும் முன்பே, 1994-ன் கேபிள் டிவி விதிகளில் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்ற வரம்பு வந்துவிட்டது. சேனலின் சொந்த விளம்பரத்தையும் சேர்த்துத்தான் அந்த 12.

கோச்சடை குமரன்

12 நிமிடம் ஏட்டில் இருக்கிறது. 2013-ல் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை இறுக்கிப் பிடிக்கப் பார்த்தபோது சேனல்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், தங்கள் மீது நடவடிக்கை எடுக்காதபடி இடைக்காலப் பாதுகாப்பு வாங்கின. அமெரிக்காவில் 1990-ன் சட்டப்படி குழந்தைகள் நிகழ்ச்சியில் வார இறுதி நாட்களில் மணிக்கு பத்தரை நிமிடம், மற்ற நாட்களில் 12 நிமிடம். எண்ணிக்கையில் நாம் அவர்களைவிட மோசமில்லை!

நொறுக்குத் தீனி விஷயத்துக்கு வருகிறேன். எது நொறுக்குத் தீனி? கடலை மிட்டாய் நொறுக்குத் தீனியா? கிரீம் பிஸ்கட்? நம் நெறிகளில் சிப்ஸ், கேஸ் பானம் என்று பெயர் சொல்லிவிட்டு 'அது போன்றவை' என்று முடித்துவிட்டார்கள். பிரிட்டனில் சர்க்கரை, கொழுப்பு, உப்புக்கு மதிப்பெண் போட்டு, நார்ச்சத்து, புரதம், பழத்துக்குக் கழித்துக் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் என்ன ஆனது தெரியுமா? பாலாடைக்கட்டி மாட்டிக்கொண்டது, டயட் கோலா தப்பித்துவிட்டது. சீஸ்காரர்கள் போட்ட சத்தத்தில் ஊரே சிரித்தது. எந்தக் கோட்டைப் போட்டாலும் அதன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அபத்தம் இருக்கும்.

திருநகர் ராஜி

கோடு கோணலாக இருக்கிறது என்பதற்காகக் கோடே வேண்டாம் என்பது என்ன நியாயம் சார்? கோணலாகப் போட்டும் அங்கே விளம்பரம் நின்றது.

மான்ட்ரியல் மாறன்

பழங்காநத்தத்தில் பிறந்து கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிள்ளை வளர்க்கிறவன் என்ற முறையில் இடையில் வருகிறேன்.

எங்கள் மாகாணத்தில் 13 வயதுக்கு உட்பட்டவர்களை நோக்கிய வணிக விளம்பரத்துக்கு 1980 முதல் தடை. ஒரு பொம்மைக் கம்பெனி வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989-ல் தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. கருத்துச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்துவது உண்மைதான், ஆனாலும் விளம்பரத்தின் தந்திரத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத வயதைக் காப்பாற்ற அது நியாயமே என்றது நீதிமன்றம். குமரன் அண்ணன் கேட்ட 'எது நொறுக்குத் தீனி' என்ற கேள்வியே இங்கே எழுவதில்லை. பொருள் யாருக்கானது, எப்படிக் காட்டுகிறார்கள், எந்த நேரத்தில் எந்த இடத்தில் வருகிறது, இந்த மூன்றையும் வைத்து 'இது குழந்தையைக் கூப்பிடுகிறதா' என்று பார்க்கிறார்கள். அது கேரட்டே ஆனாலும் குழந்தையைக் கூப்பிட்டு விற்கக் கூடாது.

நடப்பையும் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளைகள் பிரெஞ்சுச் சேனல் பார்த்தால் நடுவில் வருவது பெரியவர்களுக்கான சமாச்சாரம், பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். மாகாணத்துக்கு வெளியிலிருந்து வருகிற ஆங்கிலச் சேனலுக்கு மாற்றினால் பொம்மை விளம்பரம் கொட்டுகிறது. ஒரே சோபா, ஒரே ரிமோட், ரெண்டு உலகம்.

கோச்சடை குமரன்

மாறன், நீங்கள் எனக்காகப் பேசுகிறீர்கள், நன்றி. சட்டம் எல்லையில் நின்றுவிடும், சிக்னல் நிற்காது. மேடம் முதலில் சொன்ன ஸ்வீடனிலும் அதுதான் நடந்தது. லண்டனிலிருந்து டிவி3 என்ற சேனல் ஸ்வீடன் வீடுகளுக்கு ஒளிபரப்பியது. டைனோசர் பற்றிய குழந்தைகள் பத்திரிகைக்கு அதில் விளம்பரம் வந்தது. ஸ்வீடன் வழக்குப் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறு உறுப்பு நாட்டிலிருந்து வருகிற ஒளிபரப்பின் மேல் உன் குழந்தைகள் விளம்பரத் தடையைப் போட முடியாது என்று 1997-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒழுங்காக நடந்த உள்ளூர்ச் சேனல் காசை இழந்தது, லண்டன் சேனல் சம்பாதித்தது.

திருநகர் ராஜி

அதே தீர்ப்பு, பொய்யான விளம்பரம் என்றால் ஸ்வீடன் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொன்னதே, அதை விட்டுவிட்டீர்கள்.

சிக்னல் எல்லை தாண்டியதற்கு இன்னொரு கதை, இது நம் பக்கத்துக் கதை. ஹார்லிக்ஸ் குடித்தால் குழந்தைகள் உயரமாக, வலுவாக, கூர்மையாக வளர்வார்கள் என்ற தெற்காசிய விளம்பரம் 2008-ல் பிரிட்டனில் ஒரு சேட்டிலைட் சேனலில் ஓடிவிட்டது. வங்கதேசத்துக்காக எடுத்தது, தவறி பிரிட்டனில் வந்துவிட்டது என்று கம்பெனி சொன்னது. ஆதாரம் போதாது, இனிமேல் காட்டக் கூடாது என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் முடித்துவிட்டது. பிரிட்டனில் ஹார்லிக்ஸ் என்றால் ராத்திரி தூக்கம் வருவதற்காகப் பெரியவர்கள் குடிக்கிற பானம். அதே பெயர் டாக்கா, மதுரை வந்ததும் பிள்ளையை வளர்க்கிற மருந்தாகிவிட்டது! நான் கேட்டது இதைத்தான். பிரிட்டனில் ஆதாரம் போதாத வாசகம், இங்கே வருஷக்கணக்கில் எல்லார் வாயிலும் ஓடியது.

கோச்சடை குமரன்

இங்கே சத்துக்குறைவு ஒரு நிஜமான பிரச்சினை. இங்கே அந்தப் பானத்தில் இரும்பு, வைட்டமின் சேர்த்து விற்கிறார்கள். ஒரே பெயர் என்பதற்காக ரெண்டு ஊரிலும் ஒரே வேலைதான் செய்ய வேண்டுமா? சந்தைக்கு ஏற்ப முகம் மாறுவது குற்றமில்லை.

திருநகர் ராஜி

சத்துக்குறைவுள்ள பிள்ளையின் வீட்டில் அந்த டப்பா வாங்கக் காசிருக்காது சார். என் வகுப்பில் அது இருக்கிற வீடு எது, இல்லாத வீடு எது என்று எனக்குத் தெரியும். சத்துணவில் முட்டை வருகிறது, காலை உணவும் வருகிறது. அதற்கு எந்தக் கார்ட்டூனும் விளம்பரம் செய்யவில்லை.

2024 ஏப்ரலில் இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' வரிசையிலிருந்து எடுக்கும்படி ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசே சொல்ல வேண்டி வந்தது.

மேலூர் அன்வர்

விளம்பரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதைச் சுற்றி இருக்கிற ஜோடனையைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பழைய சேனல் கிளிப்புகள் சேர்த்து வைத்திருக்கிற பைத்தியம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'சிறிய இடைவேளைக்குப் பிறகு திரும்பி வருகிறோம்' என்று ஒரு துண்டு ஓடுமே, பம்பர் என்பார்கள், அது வெறும் அழகுக்காக வந்ததில்லை. படம் எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியாது என்று 1974-ல் அமெரிக்க ஒளிபரப்பு ஆணையமான எஃப்சிசி ஒரு கொள்கை அறிக்கை விட்டது. ரெண்டுக்கும் நடுவே தெளிவான பிரிப்பு வேண்டும், நிகழ்ச்சியின் கதாபாத்திரமோ தொகுப்பாளரோ அந்த நிகழ்ச்சிக்குள் பொருள் விற்கக் கூடாது என்றது. அந்தப் பிரிப்பை ஓவியர்கள் கையில் எடுத்துக்கொண்டு கலையாக்கிவிட்டார்கள். 2004-ல் கார்ட்டூன் நெட்வொர்க் ஒரு முப்பரிமாண நகரத்தையே கட்டியது. எல்லாக் கார்ட்டூன் ஆட்களும் அந்த ஊரில் குடியிருப்பார்கள், தெருவில் சந்தித்துக்கொள்வார்கள். என்னைப் பொறுத்தவரை பல நிகழ்ச்சிகளைவிட அது உசத்தி.

பிரிட்டனில் வேறு வழி. பிபிசியில் நிகழ்ச்சிகளுக்கு நடுவே விளம்பரம் இல்லை, அந்த இடத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். 1985-ல் அடைசலான ஒரு சின்ன அறையில் ஒரு ஆளை உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு கைப்பொம்மையைக் கொடுத்து, பிள்ளைகள் எழுதிய கடிதங்களைப் படிக்க வைத்தார்கள். அந்த இடைவெளியில் பிள்ளைகளுக்கு ஒரு அண்ணன் கிடைத்தான்.

நமக்கு? 1995 மே 1-ல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தபோது முழுக்க ஆங்கிலம். பகலில் கார்ட்டூன், சாயங்காலம் ஆனதும் அதே சேனலில் டிஎன்டி என்று பழைய ஹாலிவுட் படங்கள். 2001-ல்தான் 24 மணி நேரமும் கார்ட்டூன் ஆனது. இந்தியும் தமிழும் தொடக்கத்துக்குப் பிறகுதான் ஏறிக்கொண்டன. இன்றைக்கும் பல சேனல்களில் குரல் மட்டும் தமிழ். திரையில் எழுத்து, அடுத்து என்ன வருகிறது என்ற அறிவிப்பு, போட்டியின் விவரம், பண்டிகை வாழ்த்து எல்லாம் ஆங்கிலம் அல்லது இந்தி. தை பிறந்தால் அலங்காநல்லூர் இருக்கிற ஜில்லாவில் உட்கார்ந்து பட்டம் விடுகிற பண்டிகை வாழ்த்தைப் பார்க்கிறான் பையன். அமெரிக்காவில் அந்த இடைவெளி ஒரு ஊரானது, பிரிட்டனில் ஒரு ஆளானது, நமக்கு மட்டும் அது வேறு யாருக்கோ தைத்த சட்டையாக வந்து சேர்ந்தது.

கோச்சடை குமரன்

அன்வர் தம்பி லோகோவுக்குக் கண்ணீர் விடுகிற ரகம். அந்தப் பொழுதுபோக்கை மதிக்கிறேன். ஆனால் சுட்டி டிவி இருந்ததே? 2007-ல் சன் குழுமம் முழுக்க தமிழுக்கென்றே தொடங்கியது. எழுத்தும் தமிழ், குரலும் தமிழ். டோரா தமிழ் பேசி, ஒரு தலைமுறையே அவளோடு சேர்ந்து வழி கேட்டது. அதுவும் விளம்பரக் காசில் நடந்ததுதான். லைசென்ஸ் கட்டணத்தில் வந்ததில்லை.

மேலூர் அன்வர்

சுட்டி டிவியை நானே உதாரணம் காட்டலாம் என்றிருந்தேன் அண்ணே. தமிழுக்கென்று தனிப் படமும் தனிக் குரலும் போட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. மற்றவர்கள் ஏன் செய்யவில்லை?

கேபிள் பாண்டி, செல்லூர்

அதற்கு நான் பதில் சொல்கிறேன், தொழில்காரன் பதில்.

சேட்டிலைட்டில் ஒரு படம் ஏற்றுவதற்கு இடம் வேண்டும். இடத்துக்கு வாடகை. குரலுக்கு வேண்டிய இடம் அதில் கொஞ்சம்தான். அதனால் ஒரே படத்தை ஏற்றி, கூடவே இந்தி, தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என்று குரல்களை மட்டும் தொங்கவிடுவார்கள். நம் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்தினால் மாறுகிறதே, அதுதான். வாரத்துக்கு நாலு போன் வரும், 'பாண்டி, பீம் திடீரென்று இந்தி பேசுகிறான்' என்று. பேரன் ரிமோட்டை அமுக்கியிருப்பான்.

விளம்பரமும் அதே படத்தில்தான் போகிறது. கம்பெனி தமிழ்க் குரல் கொடுத்திருந்தால் தமிழில் வரும், கொடுக்கவில்லை என்றால் தமிழ்ப் படம் ஓடும்போதே விளம்பரம் மட்டும் இந்தியில் வரும். நான் உள்ளூர்ச் சேனலில் ஜவுளிக்கடை விளம்பரம் போடுகிறவன், எனக்கே அது நாராசமாக இருக்கும்.

விளக்குத்தூண் பைக்கடை

எல்லாரும் இடைவேளையில் வருகிறதைத்தான் விளம்பரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஜூன் மாதம் என் கடைக்கு வந்து நின்று பாருங்கள்.

ஸ்கூல் பை, தண்ணீர் பாட்டில், டப்பா, பென்சில் பெட்டி. பொம்மை படம் இல்லாத பையைப் பிள்ளை தொடாது. அப்பா 'இது கனமான துணி, மூணு வருஷம் வரும்' என்பார், பிள்ளை அந்த பொம்மையைக் காட்டி அழும். ஜெயிப்பது பிள்ளைதான். எந்தச் சேனலில் எது ஓடுகிறது என்று பார்த்துத்தான் நான் சரக்கே எடுக்கிறேன். சோட்டா பீம் 2008-ல் போகோ என்ற குழந்தைகள் சேனலில் வந்தான். அவனை உருவாக்கிய ஹைதராபாத் கம்பெனி பிறகு அவன் பெயரில் கடைகளே திறந்தது. அமெரிக்காவில் டிஸ்னி சேனல் நீண்ட காலமாக வழக்கமான விளம்பர இடைவேளை இல்லாமலே ஓடியது. ஆகா என்ன பெரிய மனசு! 24 மணி நேரமும் தன் சரக்குக்குத் தானே விளம்பரம் ஓட்டுகிறவனுக்கு இடைவேளை எதற்கு?

தடை வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, எனக்கு வியாபாரம் நடக்கும்.

மேலூர் அன்வர்

அண்ணாச்சி சொன்னதுக்கு அமெரிக்காவில் கணக்கு இருக்கிறது. நிகழ்ச்சி ஓடும்போது அதே பொம்மையின் விளம்பரம் வந்தால், அந்த நிகழ்ச்சி முழுவதையுமே விளம்பரமாக எண்ணிவிடுவார்கள். அரை மணி நிகழ்ச்சி என்றால் அரை மணி விளம்பரம், வரம்பு எங்கேயோ போய்விடும். 2004-ல் நிக்கலோடியன் இப்படியும், நேர வரம்பு மீறியும், ஏறக்குறைய 600 முறை சிக்கியது. அதன் உரிமையாளரான வயாகாம் 10 லட்சம் டாலர் கட்டியது. டிஸ்னி 5 லட்சம். 2022-ல் ஹாட் வீல்ஸ் கார்ட்டூனுக்கு நடுவே ஹாட் வீல்ஸ் கார் விளம்பரம் போட்டதற்காக சின்க்ளேர் என்ற நிறுவனத்துக்கு 26 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் முன்மொழிந்தார்கள்.

விளக்குத்தூண் பைக்கடை

விளம்பரத்துக்குத்தானே அபராதம். கார் பெயரில் கார்ட்டூன் எடுக்கலாமாம், நடுவில் காரை விற்கத்தான் கூடாதாம். நல்ல சட்டம்.

[நிர்வாகி] ஒரு பதிவு நீக்கப்பட்டது. ஆசிரியர்களின் சம்பளத்தைப் பற்றிப் பேச வேறு இடம் இருக்கிறது.

மான்ட்ரியல் மாறன்

அண்ணாச்சி சொல்வது இங்கேயும் பொருந்தும். கியூபெக்கில் டிவி விளம்பரம் இல்லாவிட்டாலும் பையில் பொம்மை படம் வேண்டும் என்று என் மகளும் அடம்பிடிக்கிறாள். ஆனால் ஒரு வித்தியாசம். அவள் பார்த்து ரசித்த கதாபாத்திரத்தைக் கேட்கிறாள். 'இதைக் குடித்தால்தான் முதல் ரேங்க்' என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை.

கோச்சடை குமரன்

எல்லாருக்கும் பொதுவாக ஒன்று கேட்கிறேன். நாளைக்கே ராஜி மேடம் கேட்டபடி நடந்துவிட்டது என்று வையுங்கள். தின்பண்டம் போச்சு, பவுடர் போச்சு. ஏப்ரல், மே விடுமுறையில் குழந்தைகள் சேனலுக்கு வருகிற காசில் இவை பெரிய துண்டு. சேனல் முதலில் எதை வெட்டும்? இந்தியை வெட்டாது, அதில்தான் ஆள் அதிகம். குரல் கலைஞர்களுக்குக் கொடுக்கிற காசு, மொழிபெயர்ப்பு, ஸ்டுடியோ வாடகை என்று பார்த்து, தெற்கே இருக்கிற குரல்களில்தான் கை வைப்பார்கள். போன மாதம்வரை தமிழ் பேசிய பொம்மை, அடுத்த மாதம் பட்டனை அழுத்தினாலும் பேசாது. அன்வருக்கு அப்போது அழுவதற்கு லோகோகூட மிஞ்சாது. பிள்ளைகள் யூடியூபுக்குப் போவார்கள். அங்கே யார் என்ன விற்கிறார்கள் என்று எந்த ஆணையம் உட்கார்ந்து பார்க்கப்போகிறது?

2024 கடைசியில் டிஸ்னியின் இந்தியச் சேனல்களும் நிக்கலோடியனும் ஒரே நிறுவனத்துக்குள் வந்துவிட்டன. வெட்டுவதற்கு ஒரு அறையில் உட்கார்ந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

திருநகர் ராஜி

இது நியாயமான பயம், இதைச் சும்மா ஒதுக்க மாட்டேன். ஆனால் இந்த வாதத்தில் ஒரு மிரட்டல் ஒளிந்திருக்கிறது. 'தமிழ் வேண்டுமா, அப்படியானால் பவுடரையும் வாங்கிக்கொள்' என்பது. மான்ட்ரியல் பிள்ளைக்கோ லண்டன் பிள்ளைக்கோ யாரும் அப்படி நிபந்தனை போடவில்லை. யூடியூபை யாரும் பார்க்கவில்லை என்பதும் சரியில்லை. குழந்தைகளின் தகவலைச் சேகரித்ததற்காக 2019-ல் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு முதல் குழந்தைகள் வீடியோவில் ஆளைப் பார்த்து விளம்பரம் போடுவதை நிறுத்தினார்கள். அழுத்தினால் அசைகிறார்கள்.

அப்புறம், பாண்டி அண்ணன் சொன்னதைப் படித்ததிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரே படம், நாலு குரல் என்றீர்களே. அப்படியானால் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓடுகிறதே, 'ஆய்வின்படி', 'சரிவிகித உணவோடு சேர்த்து', 'கற்பனைக் காட்சி' என்கிற மாதிரி, அது எந்த மொழியில் இருக்கும்?

கேபிள் பாண்டி, செல்லூர்

படத்தோடு ஒட்டியது அல்லவா அக்கா. எந்தக் குரலை வைத்தாலும் அதே எழுத்துதான். நான் பார்த்தவரை இங்கிலீஷ். கண் சிமிட்டுவதற்குள் போய்விடும்.

திருநகர் ராஜி

2022 நெறிகளில் பொறுப்புத்துறப்புக்கு, அதாவது அந்தப் பொடி எழுத்து நிபந்தனைக்கு, என்றே ஒரு பகுதி இருக்கிறது. விளம்பரத்தில் உரிமைகோரல், அதாவது பொருள் இன்னது செய்யும் என்று சொல்வது, எந்த மொழியில் இருக்கிறதோ, பொறுப்புத்துறப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். 'உங்கள் பிள்ளை வேகமாக வளரும்' என்று தமிழில் கூவிவிட்டு நிபந்தனையை இங்கிலீஷில் பொடியாகக் காட்டினால், அது அந்த விதிக்கு நேர் எதிர். எது நொறுக்குத் தீனி என்ற சண்டையே இதில் வேண்டாம், குமரன் சார். மொழி என்ன என்று பார்க்க மதிப்பெண் கணக்கும் வேண்டாம்.

மேலூர் அன்வர்

அக்கா! ஜோடனையைப் பேசினால் லோகோப் பைத்தியம் என்றார் குமரன் அண்ணன். இப்போது வழக்கே ஜோடனைக்குள்தான் இருக்கிறது.

கோச்சடை குமரன்

பாயிண்ட் பலமானது. கம்பெனியின் வக்கீல் என்ன சொல்வார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 'இது இந்தி விளம்பரம், தமிழ்க் குரல் ஒரு கூடுதல் வசதி' என்பார். இந்தி விளம்பரத்துக்கும் இந்தியில்தானே எழுத வேண்டும் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். அப்புறம் அவர்கள் செய்யக்கூடியது ரெண்டு. ஒன்று, தமிழுக்குத் தனிப் படம் ஏற்றுவது. பாண்டி சொன்ன வாடகை இருக்கிறது, செய்ய மாட்டார்கள். இன்னொன்று, அந்த உரிமைகோரலையே குரலிலிருந்து எடுத்துவிட்டு வெறும் பாட்டும் ஆட்டமுமாகப் போடுவது. அது நடந்தால் உங்களுக்கு வெற்றி, கம்பெனிக்கும் நஷ்டமில்லை. வியாபாரம் பாட்டிலேயே நடந்துவிடும்.

திருநகர் ராஜி

பாட்டோடு நிற்கட்டும். 'வளரும்' என்பது போனால் எனக்கு அதுவே போதும். 1915-க்கு போன் போட்டாலோ, ஆன்லைனில் எழுதினாலோ தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் எடுத்துக்கொள்வார்கள். விளம்பரத் தரக் கவுன்சிலுக்கும் ஒன்று அனுப்பலாம். சேனல் பெயர், தேதி, நேரம், காட்சி நான்கும் வேண்டும். வாயால் சொன்னால் நிற்காது. பாண்டி அண்ணே, உங்களிடம் பதிவு செய்கிற பெட்டி இருக்கிறதா?

கேபிள் பாண்டி, செல்லூர்

உள்ளூர்ச் சேனலுக்கு வைத்திருக்கிறது இருக்கிறது அக்கா. சாயங்காலம் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வருகிற நேரம்தான் விளம்பரம் நெருக்கமாக வரும். நாலரையிலிருந்து ஏழு வரை போட்டுவிடுகிறேன். கரண்ட் போனால் மறுநாள்.

கோச்சடை குமரன்

பதிவு செய்கிறவர் ஒன்று செய்யுங்கள். தமிழ்க் குரலோடு ஒருமுறை, இந்திக் குரலோடு ஒருமுறை எடுங்கள். ரெண்டிலும் சொல்வது ஒன்றாக இல்லாமல் போகவும் வாய்ப்புண்டு. நான் எதிர்க்கட்சிதான், இருந்தாலும் அரைகுறைப் புகாரைப் பார்த்தால் எனக்குப் பிடிக்காது.